புளி போட்டுத் தேய்த்த மரம்

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது, பங்குனி மாதம் தொடங்கிய வாரத்தில், என்னையும் என் துணிமணிகள் அடைத்த ஒரு மஞ்சள் பையையும் சித்தி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் நான்கே தெருக்கள். ஆனால் எனக்கு அது கப்பலேறி வேறு நாட்டுக்குப் போனது போல இருந்தது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு பொருளும் அதற்கென்று உள்ள இடத்தில் இருக்கும். சித்தி வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் சுத்தியல் கிடக்கும். தட்டுகளுக்கு நடுவே தகடு வெட்டும் கத்தரி இருக்கும். குளிக்கப் போனால் வாளியில் கீரை விதை ஊறிக்கொண்டிருக்கும்.

சித்தி என் அம்மாவின் தங்கை. சென்னையில் சிற்பம் படித்துவிட்டு வந்தவள். கொஞ்ச காலம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தாள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி மயில் வரைய வேண்டும் என்று அங்கே சொன்ன வருடம் வேலையை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகும் தெருவில் எல்லாருக்கும் அவள் டீச்சர்தான். பழைய துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து, முன்னறையைப் பட்டறையாக்கி, செம்பிலும் பித்தளையிலும் இலை, பூ, மீன், கொக்கு என்று அடித்துச் செய்துகொண்டிருந்தாள். கப்பலில் இருந்து கழித்துப் போட்ட குழாய்களும் தகடுகளும் பழைய சாமான் கடைகளுக்கு வரும். சித்தி அங்கே போய், ஏலக் கரையில் மீன் பார்க்கிறவள் மாதிரி ஒவ்வொன்றையும் புரட்டிப் புரட்டிப் பார்த்து எடுப்பாள்.

என்னை அங்கே விட்டதற்குக் காரணம் அம்மாவின் கால் வீக்கம். அப்படித்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மா வயிற்றில் பாப்பா இருப்பது தெரியும். ஆனால் அது நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன பிறகு வரவேண்டிய பாப்பா. கால் வீக்கம் என்பது அதோடு சம்பந்தம் இல்லாத வேறு ஒரு விஷயம் என்று நினைத்திருந்தேன். பாளையங்கோட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்திருந்தார்கள். அப்பாவின் அக்கா, என் அத்தை, துணைக்கு இருந்தாள். அப்பா சரக்குக் கப்பலில் இருந்தார். அந்த மாதம் அவர் எந்தக் கடலில் இருந்தார் என்பது அப்பாவுக்கே தினமும் மாறிக்கொண்டிருந்த செய்தி.

வந்த அன்றே சித்தியிடம் கேட்டேன், அம்மாவை எப்போது பார்க்கப் போவோம் என்று. சித்தி பட்டறையின் நடுவில் பாதியில் நின்ற மரத்தைக் காட்டினாள்.

"இந்த மரம் முடியட்டும். முடிஞ்சதும் நம்ம ரெண்டு பேருமே போவோம்."

அது ஒரு பூவரச மரம். என்னைவிட ஒரு முழம் உயரம். கப்பல் குழாயை வளைத்து அடிமரமும் கிளைகளும் செய்திருந்தாள். இலைகள் செம்புத் தகட்டில். ஒவ்வொன்றையும் இதய வடிவத்தில் வெட்டி, தீயில் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு இளக்கி, மணல் மூட்டைமேல் வைத்துத் தட்டுவாள். பிறகு உளியால் நரம்பு போடுவாள். பூக்கள் மட்டும் பித்தளை. நூற்றுக்கு மேல் இலைகள் ஆகவேண்டும் என்றாள். அன்று தரையில் ஒரு முறம் இலைதான் இருந்தது. ஆனால் சித்தி வேகமாக வேலை செய்கிறவள் என்பதும் தெரிந்தது. ஆகவே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலையாக இலைகளை எண்ணினேன். எண்ணி முடித்த பிறகுதான் புத்தகப் பையையே கழற்றுவேன்.

பங்குனி சித்தியின் மாதம். மழைக்காலத்தில் அவளுடைய மாடித் தோட்டம் அழுகும். அக்கினி நட்சத்திரத்தில் பட்டறையில் தீயோடு நிற்க முடியாது. "வருசத்துல இந்த ஆறு வாரந்தான் எனக்குன்னு இருக்கு" என்பாள். அந்த ஆறு வாரத்தில் அவள் மூன்று பேருடைய வாழ்க்கையை வாழ்ந்தாள். விடிந்ததும் மொட்டைமாடியில் செடிகள். எங்கள் ஊர் மண்ணில் உப்பு, தண்ணீரில் உப்பு, காற்றிலும் உப்பு. அதனால் அவள் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் இருந்து ஆற்று வண்டல் கொண்டுவந்து, மீன் வியாபாரிகள் தூக்கிப் போடும் தெர்மோகோல் பெட்டிகளில் நிரப்பி, தக்காளியும் வெள்ளரியும் மல்லிகையும் வைத்திருந்தாள். எவ்வளவு கழுவினாலும் பெட்டிகளில் கொஞ்சம் மீன் வாசம் இருக்கும். மல்லிகை பூத்ததும் இரண்டு வாசமும் சேர்ந்து அடிக்கும். எனக்கு இன்றைக்கும் மல்லிகை என்றால் அந்தக் கலவைதான். முளைத்துவரும் நாற்றுகளுக்கு மேல் பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வைத்திருப்பாள், கடல் காற்றில் கருகாமல் இருக்க.

பத்து மணியில் இருந்து பட்டறை. தெருவுக்கே கேட்கும் டங்கு டங்கு சத்தம். எதிர்வீட்டு மாமா ஒருவர் மத்தியானத் தூக்கம் கெடுகிறது என்று சண்டைக்கு வருவார். சனிக்கிழமை சாயந்திரம் சித்தி அவர் வீட்டுக்கு ஒரு தட்டு பன் கொடுத்தனுப்புவாள். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் அவருக்குச் சத்தம் கேட்காது. செவ்வாய்க்கிழமைதான் மறுபடி வருவார்.

பன் சுடும் அடுப்பும் அவளே செய்ததுதான். டீசல் பீப்பாய் ஒன்றைப் படுக்க வைத்து, வெளியே செங்கல்லும் களிமண்ணும் பூசி, முன்னால் ஒரு இரும்புக் கதவு. தேங்காய்ச் சிரட்டையும் விறகும் போட்டுச் சூடேற்றி, கங்குகளை வாரி ஒதுக்கிவிட்டு, முதலில் பன் வைப்பாள். பன் வெந்து வந்த பிறகு அடுப்பில் மிச்சம் இருக்கும் இளஞ்சூட்டில் மக்ரூன், முந்திரிப் பொடி சேர்த்து வாயில் கரையும் இனிப்பு. எங்கள் ஊரில் மக்ரூன் வாங்க எந்தத் தெருவிலும் பேக்கரி உண்டு. ஆனால் சித்தி சொல்லுவாள், முட்டையின் வெள்ளை மக்ரூனுக்குப் போகிறது, மஞ்சள் பன்னுக்குப் போகிறது, ஒன்றைச் செய்துவிட்டு இன்னொன்றைச் செய்யாமல் இருந்தால் மிச்சம் என்ன பண்ண என்று. வெள்ளையைச் சீனியோடு நுரையாக அடிக்கும் வேலை என்னுடையது. கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் நுரை விழக்கூடாது. அதை என் தலைக்கு மேல் கவிழ்த்துத்தான் சோதிப்பாள்.

இப்படி இரண்டு வாரம் போனது. மரத்தில் இலைகள் ஏறிக்கொண்டே வந்தன. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தரையைப் பார்த்தால் ஒரு இலைகூட மிச்சம் இல்லை. எல்லாம் கிளைகளில் இருந்தன. நடுநடுவே ஐந்து பித்தளைப் பூக்கள். ஜன்னல் வெயில் பட்டு அறையே ஆரஞ்சு நிறமாக இருந்தது. நான் பையை வீசிவிட்டு, "முடிஞ்சிட்டு! நாளைக்குப் போவோமா?" என்று கத்தினேன்.

சித்தி கையைத் துடைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"கலர் இன்னும் வரலைளா. பச்சை ஏறணும்."

மரத்தைச் செய்யச் சொன்னவர் ஒரு கட்டட இஞ்சினியர் அண்ணாச்சி. கடற்கரைப் பக்கம் அவர் கட்டிக்கொண்டிருந்த ஒரு விடுதியின் முன்கூடத்துக்காகக் கேட்டிருந்தார். அவர் ஒரு முறை வந்தபோது நானும் இருந்தேன். "புதுசா மின்னக் கூடாது டீச்சர். எங்க தாத்தா காலத்துல இருந்து அங்கனயே நிக்கிற மாதிரி, நல்லா பச்சை பாஞ்சு இருக்கணும்" என்றார். விடுதி புதிது, சுவர் புதிது, அவர் போட்டிருந்த செருப்பு புதிது. மரம் மட்டும் பழசாக வேண்டும். எங்கள் வீட்டில் பழசைப் புதுசாக்கத்தான் எல்லாரும் பாடுபட்டார்கள். அம்மா சனிக்கிழமைதோறும் செம்புக் குடத்தையும் பித்தளை விளக்கையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கவிழ்த்து வைப்பாள். பச்சைக் களிம்பு ஏறிய பாத்திரத்தில் தண்ணீர் குடித்தால் வாந்தி வரும் என்பாள். அந்தக் களிம்பைத்தான் சித்தி வேண்டுமென்றே வரவழைத்துக்கொண்டிருந்தாள்.

துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஒரு பாட்டிலில் வினிகரையும் உப்பையும் கரைத்து வைத்துக்கொண்டு, காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை மரம் முழுக்கத் தெளிப்பாள். இரண்டாம் நாள் இலைகள் கறுத்தன. நான்காம் நாள் நரம்புப் பள்ளங்களில் லேசாகப் பச்சை பூத்தது. ஒரு வாரத்தில் மரம் முழுக்க, கிணற்றுப் படிக்கட்டில் பாசி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"இப்ப முடிஞ்சிட்டா?"

"இன்னும் கொஞ்சம்."

மறுநாளும் இன்னும் கொஞ்சம். அதற்கு மறுநாளும் இன்னும் கொஞ்சம். அந்த நாட்களில் சித்தியின் செல்போன் அடிக்கடி அடித்தது. அடித்தால் பட்டறையில் நின்று பேசமாட்டாள். மாடியேறி, தோட்டத்தின் கடைசி மூலைக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் பின்னால் நின்று பேசுவாள். இறங்கி வந்ததும் தெளிப்பு பாட்டிலை எடுப்பாள். சில நாள் பாட்டில் காலியாகத்தான் இருக்கும். வெறும் காற்று புஸ்புஸ் என்று வரும். அவள் அதைக் கவனிக்காமல் தெளித்துக்கொண்டே இருப்பாள். நான்தான், "சித்தி, அதுல ஒண்ணும் இல்ல" என்பேன்.

குருத்தோலை ஞாயிறு வந்து போனது. கோயிலில் கொடுத்த ஓலையில் எதிர்வீட்டு மாமா எனக்குச் சிலுவை முடைந்து கொடுத்தார். சாமியார் பிரசங்கம் முழுவதும் நான் ஒரே கணக்குதான் போட்டுக்கொண்டிருந்தேன்: பச்சை ஏற ஏற, சித்திக்கு அது போதவில்லை. போதாதவரை மரம் முடியாது. மரம் முடியாதவரை அம்மாவைப் பார்க்க முடியாது. அப்படியானால் அந்தப் பச்சைதான் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் நிற்கிறது. ஒன்பது வயதில் எனக்கு அதில் எந்த ஓட்டையும் தெரியவில்லை. இன்றைக்கும் அந்தக் கணக்கில் பெரிய தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துப் புதன்கிழமை. பள்ளிக்கூடத்தில் விடுமுறை விட்டிருந்தார்கள். காலையில் சித்தி தோட்டத்துக்குக்கூடப் போகாமல் அவசரமாகச் சேலையை மாற்றிக்கொண்டு, தகடு வாங்கப் போவதாகச் சொன்னாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்றேன். பிறகு சமையலறைக்குப் போய்ப் புளி ஜாடியை இறக்கினேன்.

முதலில் ஒரு இலை. புளியைக் கரைத்து, உப்புப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தேன். பச்சை சேறு மாதிரி வழிந்தது. உள்ளே இருந்து செம்பு வந்தது. அம்மா கவிழ்த்து வைக்கும் குடத்தின் அதே நிறம். அந்த ஒரு இலையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு நிறுத்த முடியவில்லை.

பத்து மணி வாக்கில் ஜாடி காலி. பக்கத்து வீட்டுக்குப் போய்ப் புளி கேட்டேன். அந்த அக்கா ஒரு எலுமிச்சை அளவு எடுத்துக் கொடுத்தாள். இன்னும் வேண்டும் என்றேன்.

"ஏளா, டீச்சர் ஊருக்கே ரசம் வைக்கப் போறாளா?"

"பாத்திரம் தேய்க்கணும் அக்கா."

"நல்ல பிள்ளை" என்று சொல்லி, பாதி உருண்டையைப் பிய்த்துக் கொடுத்தாள். நான் பொய் சொல்லவில்லை என்று மனதில் சொல்லிக்கொண்டேன்.

இலைகளின் விளிம்பு கூர்மையாக இருந்தது. மத்தியானத்துக்குள் என் பத்து விரல்களிலும் கீறல். கீறலில் உப்பும் புளியும் பட்டால் எப்படி எரியும் என்று சொல்லத் தேவையில்லை. அக்கா சாப்பிடக் கூப்பிட்டபோது போய், இடது கையைப் பாவாடையில் மறைத்துக்கொண்டு, வலது கையால் நான்கு வாய் அள்ளிப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். உயரத்துக் கிளைகளுக்கு முக்காலியில் ஏறினேன். பித்தளைப் பூக்கள் முதல் தேய்ப்பிலேயே பொன் மாதிரி ஆகிவிட்டன. கடைசி இலையைத் தேய்த்து முடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தரையில் தேங்கியதைத் துணியால் ஒற்றி எடுத்து, சித்தியின் நல்ல துண்டால் மரத்தைத் துடைத்தேன். பிறகு என் மஞ்சள் பையில் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு, மரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மரம் முடிந்துவிட்டதல்லவா.

நாலரை மணிக்குச் சித்தி வந்தாள். கையில் தகடு எதுவும் இல்லை. வாசலிலேயே நின்றாள். மேற்கு வெயில் நேராக மரத்தில் விழுந்துகொண்டிருந்தது. சித்தியின் முகத்திலும் சேலையிலும் அதன் வெளிச்சம் ஆடியது. நான் எழுந்து நின்று சொன்னேன்.

"மரம் முடிஞ்சிட்டு சித்தி. அழுக்கெல்லாம் போயிட்டு. இப்பப் போலாமா?"

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அப்போதுதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. அழுக்கு என்று நான் சொன்னதைச் சித்தி மூன்று வேளையும் கைவலிக்கத் தெளித்து வளர்த்தாள் என்பது அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. பின்னால் நகர்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டேன். சித்தி என் பக்கம் வந்து, என் கைகளைப் பிடித்துத் திருப்பினாள்.

"இம்புட்டு இலையையும் நீ ஒருத்தியாளா தேச்ச?"

தலையாட்டினேன்.

"எரியுதா?"

"இல்ல" என்றேன். எரிந்தது.

அவள் என் கைகளை விட்டுவிட்டு மாடிக்குப் போனாள். நான் படிக்கட்டில் ஒளிந்து நின்று பார்த்தேன். சித்தி தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். பெட்டி நிரம்பி, வழிந்து, தரையில் ஓடி, என் காலடிவரை வந்தது. குடிதண்ணீரில் ஒரு செம்பு வீணானாலும் திட்டுகிறவள், அப்படியே குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னை என்ன செய்வது என்று யோசிக்கிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால் வீடு பூட்டியிருக்குமே என்றும் நினைத்தேன்.

பிறகு அவள் குழாயை மூடினாள். முகத்தைக் கழுவினாள். என்னைப் பார்த்து, சாதாரணக் குரலில், "சிரட்டை எடுத்துட்டு வா. அடுப்பு பத்த வைப்போம்" என்றாள்.

புதன்கிழமை அடுப்பு மூட்டியதை நான் பார்த்ததே இல்லை. என் விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, துணி சுற்றிவிட்டு, அன்றைக்கு வெள்ளைக்கருவை அவளே அடித்தாள். மாவு பிசையும்போது போன் அடித்தது. முதல் தடவையாக அவள் மூலைக்குப் போகாமல், மாவுக் கையோடு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு என் முன்னாலேயே பேசினாள். அந்தப் பக்கம் அத்தை என்று குரலில் தெரிந்தது.

"இல்ல மதினி. நாளைக்குக் காலையில பிள்ளையக் கூட்டிட்டு வாரேன்... தெரியும். எல்லாம் தெரியும்... பயப்படட்டும். பயந்தா அவ அம்மா பக்கத்துல நின்னு பயப்படட்டும்... இல்ல, நான் கூட்டிட்டுத்தான் வாரேன்."

எதற்கு நான் பயப்பட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவைப் பார்க்கப் போகிறோம் என்பது மட்டும் புரிந்தது. அன்று வெந்த பன்னில் எதிர்வீட்டுக்கும் ஒரு தட்டு போனது. புதன்கிழமையே பன் வந்ததைப் பார்த்த மாமா, நாளைக்கு ஏதோ பெரிய சத்தம் இருக்கும்போல என்று பயந்திருப்பார்.

பெரிய வியாழன் காலையில், அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவெல்லாம் காய்ந்த மக்ரூனை ஒரு தகர டப்பாவில் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். உப்பளங்கள் தாண்டியதும் சித்தி சொன்னாள்.

"உனக்குத் தம்பி பிறந்திருக்கான்."

"எப்ப?"

"பதினாறு நாளாச்சு."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. பதினாறு நாளாகத் தம்பி இருந்திருக்கிறான், நான் இலை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன். சித்தி என் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவன் ரொம்ப அவசரப்பட்டு வந்துவிட்டான் என்றும், ரொம்பச் சின்னப் பிள்ளை என்றும், மூச்சு விட இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான் என்றும் சொன்னாள். மூச்சு விடக்கூடப் படிக்க வேண்டுமா என்று கேட்டேன். "ஆமா. உனக்கு மறந்து போச்சு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அத்தை வராந்தாவில் ஜெபமாலையோடு நின்றாள். சித்தியைப் பார்த்து முறைத்தாள். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். ஒரு நர்ஸ் என்னைத் தூக்கி, கண்ணாடி ஜன்னல் வழியாகக் காட்டினாள். உள்ளே கண்ணாடிப் பெட்டிகள். அதில் ஒன்றில், மூக்கில் குழாயோடு, என் மணிக்கட்டுப் பருமனே உள்ள கால்களோடு, சிவப்பாக ஒன்று கிடந்தது. சித்தி நாற்றுக்குப் பாட்டில் கவிழ்த்து வைப்பதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதனால் நான் பயப்படவே இல்லை. பாட்டிலுக்குள் இருந்த நாற்று எதுவும் அவள் தோட்டத்தில் வாடி நான் பார்த்ததில்லை. "இன்னைக்குப் பரவால்ல. மூச்சு கொஞ்சம் சீரா இருக்கு" என்று நர்ஸ் சித்தியிடம் சொன்னாள்.

அவன் பிழைத்துக்கொண்டான். சித்திரை முடியும்போது வீட்டுக்கு வந்தான். இன்று என்னைவிட ஒரு அடி உயரம். கடலைப் பார்த்தாலே தலைசுற்றும் என்று சொல்லி, அப்பாவுக்கு வருத்தம் தரும்படி, கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான்.

மரத்துக்கும் கெடுதல் ஒன்றும் வரவில்லை. ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை வண்டியோடு வந்த இஞ்சினியர் அண்ணாச்சி வாசலிலேயே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன டீச்சர் இது! கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரில்லா மின்னுது!"

"உள்ள வைக்காதீங்க அண்ணாச்சி, வெளியில வைங்க. கடக்காத்து ரெண்டு வருசத்துல பச்சையாக்கிரும். நான் வினிகர் தெளிச்சுப் பூசுறதவிட அது நல்லாப் பூசும்" என்றாள் சித்தி. அவர் முணுமுணுத்துக்கொண்டேதான் ஏற்றிப் போனார். முற்றத்தில் வைத்தார். யார் தேய்த்தது என்று சித்தி அவரிடம் சொல்லவில்லை. நான் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

சித்தி எனக்கு எல்லாவற்றையும் சொன்னது நான் கல்லூரி முடித்த பிறகு. மரம், நான் எண்ணி முடித்த அன்றே முடிந்துவிட்டதாம். பச்சையும் ஐந்தாறு நாளில் இஞ்சினியர் கேட்ட அளவுக்கு வந்துவிட்டதாம். அதற்கு மேல் தெளித்ததெல்லாம் எனக்காக. தம்பி தங்குவானா என்று டாக்டர்கள் சொல்லாத வரையில், அம்மா யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த வரையில், எனக்குச் சொல்ல அவளிடம் வேறு பதில் இல்லை. அந்தப் புதன்கிழமை அவள் தகடு வாங்கப் போகவில்லை. காலையில் ஆஸ்பத்திரியில் இருந்து போன் வந்திருக்கிறது, இன்றைக்குத் தாண்டுவது கஷ்டம், ஞானஸ்நானம் கொடுத்துவிடுங்கள் என்று. சாமியார் வந்து ஒரு கரண்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றியபோது, ஞானத்தாயாகச் சித்தி பெட்டியின் துவாரம் வழியாகக் கையை விட்டு அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். அந்தக் கையோடுதான் பஸ் ஏறி வந்து, பளபளவென்று நின்ற மரத்தின் முன்னால் நின்றிருக்கிறாள்.

இது எதுவும் தெரியாமல் அந்த வியாழக்கிழமை நான் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். அம்மா மெலிந்து, தலை வாராமல், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அத்தை தொட்டு எழுப்பியதும் திரும்பினாள். முதலில் என்னை யாரோ மாதிரிப் பார்த்தாள். பிறகு அவள் கண் துணி சுற்றிய என் விரல்களில் நின்றது.

"கையில என்னளா?"

யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. ஒரே மூச்சில் சொன்னேன்: சித்தி மரத்துக்குப் பச்சை வளர்த்ததையும், நான் அதை அழுக்கு என்று நினைத்து ஒரு ஜாடிப் புளியையும் பக்கத்து வீட்டுப் புளியையும் போட்டு நூற்றுச் சொச்சம் இலையையும் தேய்த்துவிட்டதையும், மரம் முடிந்தால்தான் அம்மாவைப் பார்க்கலாம் என்பதையும்.

அம்மா சித்தியைப் பார்த்தாள். "எல்லா இலையையுமா?" என்றாள்.

"பூவையும் விடலக்கா" என்றாள் சித்தி.

அம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். அத்தை ஜெபமாலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். சித்தியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவர்கள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா சித்தியின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு பேரின் தோள்களும் குலுங்கின. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மாவின் கையைத் தொட்டு, "அழாதீங்க. நானே வினிகர் தெளிச்சு மறுபடியும் பச்சையாக்கிக் குடுத்திருதேன்" என்றேன். அவர்கள் என்னை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதார்கள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா டப்பாவைத் திறக்கச் சொல்லி, ஒரு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே மென்றாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். ஒரு மரத்துக்காகப் பெரியவர்கள் இவ்வளவு அழுவார்களா என்று ஆச்சரியப்பட்டபடி நான் அதைத் தின்றேன்.